கருவூலத்திலிருந்து குழாயடி வரை

சங்க இலக்கியம் கற்பார்க்குத் தகடூர் என்னும் பெயர் புதியதன்று. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நிலம் அது. ஔவையார் அவன்பால் நட்புப் பூண்டு பாடிய நிலமும் அதுவே. பிற்காலத்தில் பாராமகால் என வழங்கப்பெற்ற அப்பகுதி, ஆங்கிலேயர் ஆட்சியில் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. கிருஷ்ணகிரிக்குத் தென்கிழக்கே, போச்சம்பள்ளி வட்டாரத்தில் உள்ள நாகரசம்பட்டியை இக்கட்டுரைக்கு நிலைக்களனாகக் கொள்கிறோம். மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் ஒருபுறம். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் எனச் சிப்காட் தொழிற்பேட்டைகள் மறுபுறம். உழவும் ஆலையும் கைகோக்கும் இத்தகைய ஊரகத்திற்கு அரசின் பணம் எவ்வழியாக வருகிறது? வந்த பணம் எவ்வாறு பணியாக மாறுகிறது? மாறாதபோது எங்கே நின்றுவிடுகிறது? இவ்வினாக்களைக் குடிநீர் என்னும் ஒரே பொருளை முன்வைத்து ஆராய்வதே நம் நோக்கம். பள்ளி, மருத்துவம், சாலை, நியாய விலைக்கடை என ஊரகப் பணிகள் பலவாயினும், இவ்வட்டாரத்தின் தலையாய சிக்கல் நீரே என்பதை இங்குப் பிறந்து வளர்ந்தோர் அறிவர்.

வாங்கிய அரசும் வழங்கும் அரசும்

பணம் ஊருக்கு வரும் வழியைக் காணுமுன், ஊரிலிருந்து பணம் போன வழியைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் இழந்தார். இப்பகுதியின் வருவாய் நிருவாகம் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்துறை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவருக்குத் துணையாக வந்தவருள் ஒருவர் தாமசு மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த அதே மன்றோதான். இடைத்தரகரை விலக்கி, உழவரிடம் அரசே நேரடியாக நிலவரி வாங்கும் இரயத்துவாரி முறை உருப்பெற்ற களங்களுள் இப்பாராமகால் முதன்மையானது. வயல்தோறும் அளந்து, மண்ணின் தரம் பார்த்து, ஒவ்வோர் உழவனின் பெயரையும் ஏட்டில் ஏற்றினர். வரி வாங்குவதற்காக இத்துணை நுணுக்கமாகக் குடிமக்களை எண்ணிய அரசு, அவர்களுக்குக் குடிநீர் தருவதற்காக எண்ணியதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று என்பது ஈண்டு நினைவிற்குரியது.

ஊரின் நலப்பணியை ஊராரே பார்க்கும் முறை அதற்கு முன்பே இருந்தது. ஏரி, மதகு, வாய்க்கால் ஆகியவற்றைக் குடிமராமத்தாக ஊர்மக்களே செப்பனிட்டனர். இவ்வட்டாரத்தின் பாரூர் ஏரி தென்பெண்ணையாற்று நீரால் நிரம்பி இன்றும் பாசனம் அளிக்கின்றது. 1950களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சிக்காலத்தில் அதே ஆற்றின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழுந்தது. ஆகவே பாசன நீருக்கு அரசு பணம் செலவிடும் என்பது இம்மக்களுக்குப் புதிய செய்தியன்று. குடிநீரே பிந்தி வந்தது.

ஊராட்சியின் பணப்பை

1958இன் சென்னை ஊராட்சிச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைத் தோற்றுவித்தது. எனினும் ஊராட்சிக்கு அரசமைப்புச் சட்டத்தின் காப்பு கிட்டியது 73ஆம் திருத்தத்தால்தான். 1992இல் நிறைவேறிய அத்திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கிணங்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பெற்று, 1996 அக்டோபரில் தேர்தலும் நடந்தது. திருத்தத்தோடு சேர்ந்த பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் குடிநீரும் ஒன்று.

பொருளை ஒப்படைத்தால் போதுமா? பொருளுக்குரிய பொருளும் வேண்டுமன்றோ! ஊராட்சிக்கெனச் சொந்த வருவாய் உண்டு. வீட்டுவரி, தொழில்வரி, உரிமக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் முதலியன அவை. கருங்கல் வெட்டப்பெறும் இம்மாவட்டத்தில் சிறுகனிம வருவாயிலிருந்தும் உள்ளாட்சிக்குப் பங்கு வருகிறது. ஆயினும் சிற்றூர் ஒன்றின் வீட்டுவரியைக்கொண்டு தெருவிளக்கின் மின்கட்டணத்தைக்கூட முழுதும் கட்ட இயலாது. ஆதலின் மேலிருந்து வரும் இரண்டு ஊற்றுகளை நம்பியே ஊராட்சி வாழ்கிறது.

முதலாவது, மாநில நிதிக்குழுவின் வழி வருவது. அரசமைப்புச் சட்டத்தின் 243-ஐ பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை இக்குழுவை அமைக்குமாறு பணிக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படவேண்டும் என இக்குழுக்கள் பரிந்துரைத்துள்ளன. அத்தொகை முதலில் ஊரகம், நகரம் என்றும், பின்னர் ஊரகப் பங்கு மாவட்ட ஊராட்சி, ஒன்றியம், சிற்றூராட்சி என்றும் பிரியும். நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் செலுத்தும் வரியில் ஒரு சிறு துளி, இவ்வாறு சுற்றிச் சுற்றி நம் தெருவுக்கே திரும்பி வருகிறது எனலாம்.

இரண்டாவது, நடுவண் நிதிக்குழுவின் மானியம். 2015 முதல் 2020 வரைக்குமான பதினான்காம் நிதிக்குழு, தன் மானியத்தைச் சிற்றூராட்சிகளுக்கே முழுமையாக வழங்கியது. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரை மூன்றடுக்கு ஊராட்சிகளுக்கும் பகிர்ந்தளித்ததோடு, ஒரு கட்டுப்பாட்டையும் விதித்தது. மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. அதில் சரிபாதி குடிநீருக்கும், மறுபாதி துப்புரவுக்குமே செலவாகவேண்டும். எஞ்சிய 40 விழுக்காடே ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடத்தக்கது. ஊராட்சியின் கையைக் கட்டும் செயல் இது என்று குறை கூறுவாரும் உளர். நம் கருத்தில் இக்கட்டு முற்றிலும் தீயதன்று. நுழைவாயில் வளைவுக்கும் கல்வெட்டுக்கும் எளிதில் கைநீளும் பணம், குழாய் பழுதுக்கு அவ்வளவு எளிதாக நீள்வதில்லை என்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

இவ்வூற்று ஒருமுறை அடைபட்ட வரலாறும் உண்டு. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிப் பேராளர்களின் பதவிக்காலம் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களே மூன்றாண்டுக்கு மேல் நிருவகித்தனர். தேர்ந்தெடுக்கப்பெற்ற உள்ளாட்சி இல்லாத மாநிலத்துக்கு நிதிக்குழு மானியத்தை விடுவிக்க நடுவணரசு தயங்கியது. பெருந்தொகை தேங்கி நின்றது. 2019 திசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தேறியது. அவ்வாறு வந்தோரின் காலமும் 2025 ஜனவரியோடு முடிவுற, மீண்டும் தனி அலுவலர்கள் அமர்த்தப்பெற்றனர். தேர்தல் தாழ்த்தல் என்பது அரசியலாரின் வழக்கு மட்டுமன்று. அது குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணின் வழக்குமாகும்.

மண்ணுக்குள் இருக்கும் தீங்கு

இனி நீருக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறை. கருங்கல்லும் நைசும் நிறைந்த அப்பாறைகளில் ஃப்ளூரைடு கலந்த கனிமங்கள் உள்ளன. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி நெடுங்காலம் தங்கும்போது ஃப்ளூரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. கிணறு ஆழமாக ஆழமாக, நீர் பாறையோடு உறவாடிய காலமும் மிகும். ஃப்ளூரைடும் பெரும்பாலும் மிகும். வறண்ட ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது எளிய தீர்வாகத் தோன்றுகிறது. ஆனால் அளவு கிடைக்கும்போதே தன்மை கெடுகிறது.

இந்தியத் தர நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராமே. இதனைக் கடந்த நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தைகளின் பற்களில் முதலில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளும், பின்னர்ப் பழுப்புக் கறைகளும் தோன்றும். பல் முளைக்குமுன் தாடைக்குள் உருவாகும் பருவத்திலேயே நேரும் கேடு இது, துலக்கினால் போவதன்று. ஆண்டுக்கணக்கில் மிகுதியாகப் பருகினோர்க்கு எலும்பும் மூட்டும் இறுகும், முதுகு வளையும், கழுத்தைத் திருப்புவதே அரிதாகும். எலும்பைத் தாக்கிய பின்னர் அதனை முழுதும் மாற்றும் மருந்து இல்லை. வருமுன் காத்தலே வழி.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது 1937இல். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டச் சிற்றூர்களில் ஷார்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து எழுதினர். அதற்கு முன் ஊரார் இதனை வாதம் என்றும், முதுமை என்றும், ஊழ் என்றும் எண்ணி ஆறுதல் கொண்டனர். கொதிக்கவைத்தால் நீர் தூய்மையாகும் என்று நாம் பள்ளியில் கற்ற பாடம் இங்குப் பயன்படாது என்பதும் குறிக்கத்தக்கது. கொதித்தல் நுண்ணுயிரைக் கொல்லும், ஃப்ளூரைடை நீக்காது. ஆவியாகி நீர் குறைவதால் ஃப்ளூரைடின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இதில் ஒரு முரண் உண்டு. ஊரகக் குடிநீருக்கென அரசு செலவிட்ட பணத்தாலேயே இக்கேடு பரவ இடமாயிற்று. குளத்து நீராலும் திறந்த கிணற்று நீராலும் வாந்திபேதி பரவுவதைத் தடுக்கவே ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் அமைக்கப்பெற்றன. அந்நோக்கம் நிறைவேறிற்று, பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பெற்றன. ஆனால் ஆழத்து நீரின் வேதியியலை எண்ணிப் பார்த்தோர் அன்று சிலரே. ஒரு தீமையை அகற்றிய திட்டம், வேறொன்றை அமைதியாக உள்ளே அழைத்து வந்தது.

படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு ஃப்ளூரைடைப் படியவைக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. தெலங்கானத்தில் இந்நோய்க்குப் பேர்போன நல்கொண்டாவின் பெயராலேயே அம்முறை வழங்குகிறது. வீட்டளவிலும் ஊரளவிலும் செய்யத்தக்கது; ஆயினும் நாள்தோறும் அளந்து இடவும், படிந்த கசடை அகற்றவும் ஓயாத உழைப்பு வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று மாவட்டம் முழுதும் பரவிய கேட்டுக்கு நிலத்தடி நீரையே விட்டுவிட்டு ஆற்று நீருக்கு மாறுவதுதான் நிலையான தீர்வு என்ற முடிவுக்குப் பொறியாளர் வந்தனர். அந்த ஆறு காவிரி.

காவிரி மேடேறியது

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். செயற்படுத்தியது 1971இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். எல்லையில் அமைந்த ஒகேனக்கல்லில் நீர் எடுப்பதாதலின் கருநாடகத்தின் இசைவும் பேசப்பட்டது. 1998இல் நடுவணரசின் வழி உடன்பாடு எட்டப்பெற்றது. பத்தாண்டு கழித்து, 2008 பிப்ரவரியில், முதலமைச்சர் மு. கருணாநிதியின் ஆட்சிக்காலத்தில் அடிக்கல் நாட்டப்பெற்றதும் கருநாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அம்மாநிலத் தேர்தல் முடியும்வரை பணியைத் தள்ளிவைப்பதாக 2008 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். பின்னர்ப் பணி தொடர்ந்து, 2013 மே மாதம் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது. ஓர் ஆட்சியில் தொடங்கி மறு ஆட்சியில் நிறைவேறிய திட்டம் எவருடையது என்னும் வழக்கு மேடைகளில் நடப்பது. நமக்கு அதில் ஈடுபாடில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? தொடக்க மதிப்பீடு 1,334 கோடி ரூபாய். முடிவில் அது 1,928.80 கோடியாக உயர்ந்தது. அதில் பெரும்பகுதி ஜப்பானியக் கடன். 2008 மார்ச்சில் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கியோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வங்கியின் கடனுதவிப் பணி அதே ஆண்டு அக்டோபரில் ஜைக்கா எனப்பெறும் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையோடு இணைந்தது. இது நன்கொடையன்று. நீண்ட தவணையில் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனே. ஜப்பானியர் இலவசமாகத் தந்த தண்ணீர் என்று ஊரில் சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். அது தவறு, நாமும் நம் மக்களும் செலுத்தும் வரியிலிருந்தே அது அடைபடும். கடனாளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நன்கொடை பெற்றவனைவிட மிகுதி என்பதால் இவ்வேறுபாட்டை வலியுறுத்துகிறோம்.

இரு மாவட்டங்களின் மூன்று நகரங்கள், பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 6,700க்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகள் ஆகியன இத்திட்டத்தில் அடங்கின. ஒகேனக்கல் அருவிக்கு மேற்புறம் நீர் எடுத்து, சுத்திகரித்து, கணவாய் வழியே மேலேற்றி, மடம் என்னுமிடத்துப் பெருந்தேக்கத்தில் சேர்த்து, அங்கிருந்து கிளைக்குழாய்களால் ஊர்தோறும் அனுப்புகின்றனர். ஒகேனக்கல் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூரோ 850 மீட்டருக்கும் மேல். ஆறு பள்ளம் நோக்கி ஓடும் இயல்பினது; இங்கோ அதனை 600 மீட்டர் மேட்டுக்கு ஏற்றவேண்டியுள்ளது.

இதன் பொருளை இயற்பியல் பயிலும் நம் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டர் நீரை 600 மீட்டர் உயர்த்தக் குறைந்தது ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். இறைப்பான்களின் இழப்பையும் குழாய் உராய்வையும் சேர்த்தால் இரண்டு யூனிட்டைத் தாண்டும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனக்கொண்டால் மாதத்துக்கு 8,250 லிட்டர். அந்நீரை ஓசூர் உயரத்துக்கு ஏற்ற மட்டும் 16 யூனிட்டுக்கு மேல் ஆகும். நாகரசம்பட்டி அத்துணை உயரத்தில் இல்லை. ஆயினும் இடைப்பட்ட மேடுகளை நீர் ஏறித்தான் இறங்கவேண்டும். ஆகவே குழாயில் வரும் காவிரி, ஒவ்வொரு நாளும் செலவு வைத்துக்கொண்டே வருகிறது. கட்டி முடித்தலோடு அரசின் செலவு முடிந்தது என்று கருதுவார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

தொட்டிக்குள் நடப்பது

வாரியத்தின் பொறுப்பு பெரும்பாலும் ஊரின் நீர்த்தொட்டி வரையில் நின்றுவிடுகிறது. அதன்பின் உள்ள மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், வீட்டிணைப்பு ஆகியன ஊராட்சியின் பாற்பட்டவை. கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டத்தின் கடைசிக் கண்ணி, குறைந்த ஊதியம் பெறும் ஒரு தொட்டி இயக்குநர். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும், வால்வைத் திறப்பதும் மூடுவதும், தொட்டி கழுவுவதும், குளோரின் இடுவதும் அவர் பணி. தெருவில் நீர் வராவிட்டால் முதல் வசையும் அவருக்கே. நம் ஊரகங்களில் மதிக்கப்படாத தொழில்களுள் இது முன்வரிசையில் நிற்பது என்போம்.

காவிரி நீர் போதிய அளவு வராத நாளில் இவர் என்ன செய்வார்? ஊரில் முன்பே இருந்த ஆழ்துளைக் கிணற்று நீரை அதே தொட்டியில் ஏற்றுவார். ஊரார் கேட்பது தண்ணீர். எந்தத் தண்ணீர் என்பதன்று. இங்கேதான் நுட்பமான ஒரு சிக்கல் மறைந்துள்ளது. ஆற்று நீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமும், கிணற்று நீரில் 3 மில்லிகிராமும் ஃப்ளூரைடு இருப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் கிடைப்பது 1.65 மில்லிகிராம். வரையறையின் உச்ச அளவையும் அது கடந்துவிடுகிறது. பாதிக்குப் பாதி நல்ல நீர் கலந்தும் பயனில்லை! இதே எடுத்துக்காட்டில் ஏற்கத்தக்க 1 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டுமாயின், மூன்று பங்கு ஆற்று நீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர்தான் செல்லும். ஆதலின் குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரைத் தனித் தொட்டியிலும், குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீரை வேறு தொட்டியிலும் வைத்துத் தனித்தனிக் குழாயில் விடுவதே சரியான முறை. இதற்குச் செலவு சிறிது கூடும். ஆனால் 1,928 கோடி செலவிட்டுக் கொணர்ந்த நீரைத் தொட்டிக்குள் வந்தபின் கெடுத்துக்கொள்வதைவிட அது மலிவானதே.

2019 ஆகஸ்டு 15 அன்று நடுவணரசு ஜல் ஜீவன் இயக்கத்தை அறிவித்தது. வீடுதோறும் குழாயிணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமான நீர் என்பன அதன் இலக்கு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை செலவில் சரிபாதி நடுவணரசுடையது, மறுபாதி மாநிலத்துடையது. ஊருக்குள் அமையும் பணிகளின் முதலீட்டில் பத்திலொரு பங்கை ஊர்மக்கள் ஏற்கவேண்டும். பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில் அது இருபதில் ஒரு பங்கு. பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ அதனைத் தரலாம். 2024க்குள் முடிப்பதாக இருந்த இவ்வியக்கம் 2028 வரை நீட்டிக்கப்பெற்றுள்ளது. தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஓசூருக்கோ போச்சம்பள்ளிக்கோ ஆலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு, வாசலில் ஒரு குழாய் என்பது அரைநாள் கூலிக்கு நிகர். ஆயினும் இணைப்பு வேறு, நீர் வேறு. குழாய் நட்ட வீடுகளை எண்ணுவது எளிது. அக்குழாயில் எத்தனை நாள், எத்தனை மணி, எந்நீர் வந்தது என எண்ணுவதே அரிது.

நீரும் அறமும்

நீர்க்கொடையை உயர்ந்த அறமாகப் போற்றிய மரபு நம்முடையது. நீரும் மேய்ச்சலும் நெருப்பும் மக்கள் அனைவர்க்கும் பொது என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அருளியுள்ளார்கள். மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பெற்ற காலத்தில், உதுமான் (ரலி) அவர்கள் தம் பணத்தால் அக்கிணற்றை வாங்கி அனைவர்க்கும் வக்பு ஆக்கினார்கள். அப்பாசியக் கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவி சுபைதா அம்மையார் ஹஜ்ஜுப் பயணிகளின் நாவறட்சி கண்டு மக்காவுக்குக் கால்வாய் அமைத்தார். புறநானூற்றிலோ குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, நிலம் குழிந்தவிடமெல்லாம் நீர்நிலை காணுமாறு அறிவுறுத்துகிறார். உமறுப்புலவரும் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபுநாட்டைத் தமிழ் மருதம்போல் ஆறும் வயலும் பொலியப் பாடிவைத்தார். பாலை நிலத்தையும் நீரின்றிக் கற்பனை செய்ய நம் புலவருக்கு மனம் ஒப்பவில்லை போலும்!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உதுமான் (ரலி) அவர்களின் கொடையில் கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் பலர். இன்றைய குழாயில் கொடுத்தோரும் பெற்றோரும் நாமே. ஆகவே இங்கு நன்றியைவிடக் கணக்கே மிகத் தேவை. நம் பள்ளிவாசல்களில் ஆண்டுக்கொருமுறை ஜமாஅத்தார் முன் வரவுசெலவு படிக்கப்பெறும் வழக்கை அறிவோம். ஒரு பாய் வாங்கிய செலவுக்கும் கேள்வி எழும். நிருவாகிகள் விடை சொல்வர். அதே பெரியவர்கள், அதே ஊரில், அதைவிடப் பன்மடங்கு பணம் புழங்கும் ஊராட்சியின் கிராம சபைக்குச் செல்வதில்லை. சென்றாலும் கையொப்பமிட்டுத் திரும்பிவிடுகின்றனர். மஷ்வரா செய்து முடிவெடுக்குமாறு பணித்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர்க்கு இது பொருந்துமா என்று நம் சமுதாயத்துப் பெரியோர் சிந்திக்கவேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடுவது. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகிய இரண்டும் பின்னர்ச் சேர்க்கப்பெற்றன. ஊராட்சியின் கணக்குகளுள் மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குரிய தொகையும் செலுத்துவதற்கெனத் தனிக்கணக்கு உண்டு. அதில் நிலுவை எவ்வளவு என்று கேட்பதே நல்ல முதல் வினா. நிலுவை ஏறினால் நீர் குறையும்; இரண்டுக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானது. நிதிக்குழு மானியத்தின் கட்டுண்ட பகுதி எப்பணிக்குச் சென்றது என்பதை 2020 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற இ-கிராம்சுவராஜ் தளத்தில் எவரும் காணலாம். கணினி கற்ற மாணவர் ஒருவர் அதனை அச்செடுத்துச் சபைக்குக் கொண்டுசென்றால், பேச்சு வேறு தரத்தில் நடக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் இருப்பதையும் நினைவூட்டுகிறோம்.

அரசின் பணி ஊரகத்தின் வாசலுக்கே வரக்கூடும் என்பதற்கு இம்மாவட்டமே சான்று. 2021 ஆகஸ்டு 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்றது சென்னையிலன்று. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில். நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் வீடுதேடி மாத்திரை தரும் அப்பெண் பணியாளர், மூட்டு இறுகிய முதியவரையும் பல் கறைபட்ட சிறுவனையும் நாள்தோறும் காண்பவரே. அவர் கண்டதைக் குடிநீர் வாரியமும், வாரியம் அளந்ததை அவரும் அறியும் வழி ஒன்று அமையுமாயின், புதிய செலவின்றியே பெரும்பயன் விளையும் என்பது நம் துணிபு. இரு துறைகளின் ஏடுகளும் ஒரே ஊரைப் பற்றியவை. ஆயினும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

ஜல் ஜீவன் இயக்கத்தின் நெறிமுறைப்படி ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்கு நீர்த்தர ஆய்வுப் பயிற்சி தரப்படவேண்டும். ஆய்வுப் பெட்டியும் ஊராட்சிக்கு வழங்கப்படவேண்டும். ஃப்ளூரைடுக்கான சோதனை மிக எளிது. குழாய்நீரைச் சிறு குப்பியில் எடுத்து மருந்தைச் சில துளி விட்டால் நிறம் தோன்றும். சிவப்பு வெளிறி மஞ்சளை நோக்கி நகர நகர, ஃப்ளூரைடு மிகுதி என்று பொருள். உடன்வரும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். வேதியியல் துறை மாணவியர் விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லும்போது, அப்பெட்டி தம் ஊராட்சி அலுவலகத்தில் எங்குள்ளது, முத்திரை பிரிக்கப்பெற்றதா, மருந்து காலாவதியாகாமல் உள்ளதா என்று கேட்டறியலாம். காவிரி நீர் வரும் நாளில் ஒருமுறையும், கிணற்று நீர் கலக்கும் நாளில் ஒருமுறையும் அதே குழாயில் சோதித்து, இரு அளவையும் தேதியோடு ஊராட்சிப் பலகையில் எழுதிவைத்தால், அடுத்த மார்ச் 22ஆம் நாள் கூட்டத்தில் தனித் தொட்டிக்கான தீர்மானத்தை முன்மொழிய அது போதிய சான்றாகும்.